நனைந்த ஒயருக்கு டேப் மருந்தாகாது

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை விழுப்புரம் மாவட்ட உழவர்கள் எளிதில் மறந்துவிட முடியாது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திண்டிவனம், வானூர், மரக்காணம் வட்டாரங்களில் ஏரியும் வயலும் ஒன்றாயின. அந்த மழை ஓய்வதற்குள், டிசம்பர் 2-ந் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் வெளியேற, தென்பெண்ணை கரை புரண்டு அரசூர், திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து வயல்களின் மேல் ஓடியது. நெல், கரும்பு, உளுந்து எல்லாம் சேற்றில் அமிழ்ந்தன.

அரசு நிவாரணம் அறிவித்தது. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெல் உள்ளிட்ட இறவைப் பயிர்களுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிப் பயிர்களுக்கு 8,500 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாய். மாடு இறந்தால் இவ்வளவு, ஆடு இறந்தால் இவ்வளவு, கோழிக்கும் ஒரு தொகை என்று கணக்கு வந்தது. வருவாய்த் துறையினரும் வேளாண்மைத் துறையினரும் வயல் வயலாக இறங்கிக் கணக்கெடுத்தனர். அந்தக் கணக்கெடுப்பு தேவையானதுதான். ஆனால் பயிரைக் கணக்கெடுக்கச் சென்றவர்கள் கடந்து சென்ற மோட்டார் கொட்டகைகளுக்குள் இன்னொரு சேதம் இருந்தது. அதற்கு அந்தப் பட்டியலில் ஒரு வரியும் இல்லை. உழவர்களே அதைச் சேதம் என்று எண்ணவில்லை என்பதுதான் இங்கு சொல்ல வேண்டிய செய்தி.

மோட்டார் எரிந்தால் அது சேதம். சுருளைப் பிரித்துக் கட்டக் கொடுக்கிறோம், பணம் செலவாகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் ஒயர் ஒரு வாரம் சேற்று நீரில் கிடந்தால் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. தண்ணீர் வடிந்ததும் துணியால் துடைத்து, வெடித்த இடத்தில் நாலு சுற்று டேப் சுற்றிவிட்டு, "மாமா, இப்போதைக்கு ஓடட்டும், அறுவடை முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்று ஒயர்மேன் சொல்வார். மாமாவும் சரி என்பார். அறுவடை முடியும். ஒயரை யாரும் பார்க்கமாட்டார்கள்.

மார்கழிவரை காத்திருக்கும் கேடு

வடகிழக்குப் பருவமழையின் வெள்ளத்திற்கு ஒரு தனிக் குணம் உண்டு. கார்த்திகையில் வெள்ளம் வந்தால், அடுத்த சில வாரங்களுக்கு மோட்டார் தேவைப்படாது. வாய்க்காலில் தண்ணீர், வரப்பில் தண்ணீர், கிணறு கைக்கெட்டும் மட்டத்தில் நிரம்பி நிற்கும். டி.எம்.வி. நிலக்கடலை ரகங்கள் பிறந்த திண்டிவனம் பக்கத்தில், மார்கழிப் பட்டத்துக் கடலைக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய நாள் வரும்போதுதான் மோட்டாரின் நினைவே வரும். அதற்குள் மாதம் ஒன்று ஓடியிருக்கும்.

அந்த ஒரு மாதத்தில் ஒயருக்குள் என்ன நடக்கிறது? டேப் பிரிந்த ஒட்டின் வழியாகவோ, எலி கடித்த வாயின் வழியாகவோ நுழைந்த நீர், இழை இழையான செம்புக் கம்பிகளுக்கு இடையே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிச் செல்லும். மேலே உள்ள உறை பளபளப்பாகவே இருக்கும்; உள்ளே செம்பு கறுக்கும், சில இடங்களில் பச்சை பூக்கும். கறுத்த செம்பில் ஈயமும் ஒட்டாது, முறுக்கிக் கட்டினாலும் நல்ல தொடர்பு கிடைக்காது. வெள்ளம் வடிந்த முதல் வாரத்தில் ஒட்டைப் பிரித்து உலர்த்தியிருந்தால் ஓரிரு அங்குலம் வெட்டுவதோடு முடிந்திருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஓரடி, ஈரடி, சில நேரங்களில் முழு நீளமும் போய்விட்டிருக்கும்.

ஒட்டில் தொடர்பு சரியில்லாவிட்டால் விளைவு என்ன என்பதைச் சிறு கணக்கினால் அறியலாம். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஏறத்தாழ 8 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். கறுத்துப்போன ஓர் ஒட்டில் அரை ஓம் தடை ஏற்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 8-ஐ 8-ஆல் பெருக்கி அதில் பாதி எடுத்தால் 32 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் கோலின் சூடு ஏறத்தாழ இதே அளவுதான். அந்தச் சூடு கட்டை விரல் பருமனுள்ள ஓர் ஒட்டுக்குள், டேப்பால் போர்த்தி, மணிக்கணக்கில் இருந்துகொண்டே இருக்கிறது. டேப் உருகும், செம்பு மேலும் கறுக்கும், தடை மேலும் ஏறும். ஒரு நாள் அந்த முனை அறுந்துவிடும்.

மும்முனையில் ஒரு முனை அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்பதில்லை. மிச்சமுள்ள இரண்டு முனைகளிலும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு மின்சாரம் இழுத்துக்கொண்டு, முனகலோடு சுற்றிக்கொண்டிருக்கும். ஓவர்லோடு ரிலே சரியாக அமைக்கப்பட்டிருந்தால் சில நிமிடங்களில் நிறுத்திவிடும். பல கொட்டகைகளில் ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதன் அளவை மேலே திருகிவைத்திருப்பார்கள், அல்லது அதைத் தாண்டி நேராகக் கம்பி போட்டிருப்பார்கள். அப்புறம் மோட்டார்தான் விழ வேண்டும்.

எரிந்தது எதனால்?

மோட்டாரைக் கட்டக் கொடுக்கும் உழவர், பிரித்த மோட்டாரைத் தம் கண்ணால் பார்ப்பது நல்லது. சுருள்கள் அனைத்தும் ஒரே சீராகக் கருகியிருந்தால், பம்பு இறுகியோ, மின்னழுத்தம் குறைந்தோ, பாரம் தாங்காமல் எரிந்திருக்கலாம். சில தொகுதிகள் கரியாகவும் சில தொகுதிகள் நேற்றுக் கட்டியவை போலவும் மாறி மாறி ஒழுங்காக இருந்தால், ஒரு முனை அறுந்த நிலையில் ஓடி எரிந்தது என்று பொருள். மின்வாரியத்தின் கம்பியில் முனை போயிருக்கலாம். ப்யூஸ் ஒன்று போயிருக்கலாம். சொந்த ஒயரின் ஒட்டு விட்டிருக்கலாம். முதலாவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவதைச் சோதித்துப் பார்ப்பவர் அரிது. அதனால் புதிதாகக் கட்டிய மோட்டாரை அதே பழைய ஒயரில் மாட்டி ஓட்டுகிறார்கள். மூன்றாவது மாதம் அதே மோட்டார் திரும்பவும் பட்டறைக்கு வருகிறது. கட்டியவர் சரியாகக் கட்டவில்லை என்று வழக்கு. பட்டறைக்காரர்களில் பலர் இந்தப் பழியை வீணாகச் சுமக்கிறார்கள்.

இதற்குச் செலவைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 1990 முதல் உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைக்கிறது. அது தந்த நன்மை பெரியது. அதை எதிர்த்துப் பேச இங்கு இடமில்லை. ஆனால் பில் வராத இடத்தில் ஒயரில் வீணாகும் மின்சாரம் கண்ணில் படுவதில்லை. 100 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டு அந்த 5 குதிரைத்திறன் மோட்டாரை ஓட்டினால், மூன்று முனைகளிலுமாக ஏறத்தாழ 230 வாட் ஒயரிலேயே சூடாகப் போகிறது. 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அது 90 வாட்டுக்குள் அடங்கும். பில் கட்டுபவராயிருந்தால் ஓராண்டில் கேட்டிருப்பார். உழவருக்கு அந்த நட்டம் மின்னழுத்தக் குறைவாக வருகிறது. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் திருப்புத்திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் கிணறுகளுக்கு 415 வோல்ட் முழுதாக வந்து சேர்வதே அபூர்வம். அதில் ஒயரும் ஒட்டும் தம் பங்கைக் கழித்துக்கொண்டால் மோட்டார் எதைக் கொண்டு தண்ணீர் இறைக்கும்?

கடற்கரை காட்டும் வழி

இந்த விஷயத்தில் மரக்காணம் கரையோரத்துப் படகுகளிடம் கற்றுக்கொள்ள உண்டு. உப்பு நீர் நல்ல மின்கடத்தி. செம்பை அரிக்கும் வேகமும் அதிகம். செல்ஃப் ஸ்டார்ட்டும் பேட்டரியும் உள்ள படகு இயந்திரத்தில் ஒயர் ஒன்று உப்பு ஏறிக் கறுத்துவிட்டால், அதன் விளைவு கரையிலிருந்து பல மைல் தள்ளிப் போன பிறகுதான் தெரியும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்றால், பேட்டரி முனையில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். மிச்சம் உள்ளதில் இயந்திரம் பிடிக்குமா என்பது சந்தேகம். அலையின் நடுவே அது உயிர்ப் பிரச்சினை.

ஆகவே கடல் இயந்திரங்களின் ஒயர் வேலைக்கென்று சில விதிகள் உண்டு. உப்பு நீர் பட்ட பாகத்தை முதலில் நன்னீரில் அலசி உலர்த்துவது. ஒயரின் உறையைச் சீவிக்கொண்டே போய், செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரும்வரை வெட்டி எறிவது. அப்படி இடம் வராவிட்டால் ஒயரையே முழுதாக மாற்றுவது. இழைகளுக்கு ஈயப்பூச்சு உள்ள செம்பு ஒயரையே வாங்குவது. ஒட்டை முறுக்கி விடாமல் குழல் வைத்து நெரித்து, அதன்மேல் பசையுள்ள சுருங்கும் உறை போட்டுச் சூடுகாட்டி மூடுவது. ஒயர் தொங்கி ஆடாமல் சாண் இடைவெளிக்கு ஒரு பிடி போடுவது. இயந்திரத்தின் அதிர்வினால் ஆடும் ஒயர், உறை தேய்ந்து, எங்காவது இரும்பைத் தொட்டுவிடும். கிணற்றின் நடுச்சுவர்த் திட்டில் அதிரும் மோட்டாருக்கும் இது பொருந்தும்.

கடலோர உழவர்கள் இதைப் பிறர் செய்தி என்று விடக்கூடாது. மரக்காணத்தின் உப்பளங்களுக்கும் கழுவேலிக்கும் அருகே உள்ள வயல்களில் வெள்ளம் என்பது எப்போதும் நன்னீராக இருப்பதில்லை. கடற்காற்றே உப்பைக் கொண்டுவந்து ஸ்டார்ட்டரின் பித்தளை முனைகளில் படியவைக்கும். இப்பகுதி மோட்டார்களுக்குக் கடல் இயந்திர விதிகளே ஏற்றவை. டிராக்டர், பவர் டில்லர் பேட்டரி முனைகளுக்கும் அதே கவனம் வேண்டும். முனையைச் சுத்தம் செய்து இறுக்கி, வாசலின் பூசிவைத்தால் காலையில் வண்டியைத் தள்ளும் வேலை மிச்சம்.

உள்நாட்டு உழவருக்கும் படகுக்காரருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். கடலில் ஒயர் விட்டால் ஆள் தவிக்கிறார். வயலில் ஒயர் விட்டால் அன்றைக்குத் தண்ணீர் பாயவில்லை, அவ்வளவே என்று நினைக்கிறோம். அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

செய்யும் முறை

வெள்ளம் வடிந்தவுடன் முதல் வேலை, மெயின் சுவிட்சை அணைத்து ப்யூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவதுதான். ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. வெள்ளத்தால் நின்றிருந்த மின்சாரம் நடு இரவில் திரும்பும். நனைந்த பெட்டிக்குள் மோட்டார் தானாகக் கிளம்பும். சரியாக இருந்த மோட்டார்களும் அந்த இரவில்தான் எரிகின்றன.

நனைந்த ஸ்டார்ட்டரைக் கழற்றி, சேறு போக நல்ல தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைக்க வேண்டும். தொடும் முனைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். பல்லியும் எறும்பும் குடியிருந்தால் வெளியேற்ற வேண்டும்; பல்லி ஒன்று இரு முனைக்கு நடுவே விழுந்து பெட்டியே கருகுவது ஊர் அறிந்த கதை. எலக்ட்ரானிக் பலகை உள்ள ஆட்டோ ஸ்டார்ட்டரும், தானே விழும் வகைச் சுவிட்சுகளும் சேற்று நீரில் மூழ்கியிருந்தால் உலர்த்தி நம்புவதைவிட மாற்றிவிடுவதே மேல். கண்டென்சர் இருந்தால், மின்சாரத்தை அணைத்த பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதை நினைவில் வைத்து ஒயர்மேனைக் கொண்டே கழற்ற வேண்டும்.

மேலே இருக்கும் மோனோபிளாக் மோட்டார் மூழ்கியிருந்தால் திறந்து, அலசி, பெட்டி போன்ற மறைப்புக்குள் 100 அல்லது 200 வாட் குண்டு பல்புகளை வைத்து ஓரிரு நாள் மெதுவாக உலர்த்துவது பழைய முறை. இன்றும் நல்ல முறை. அவசரப்பட்டு நெருப்பு மூட்டி உலர்த்தினால் வார்னிஷ் வெடிக்கும். நீர்மூழ்கி மோட்டாருக்கு நீர் பகையன்று; அதன் பகை ஒயரின் ஒட்டும் மேலே உள்ள பெட்டியும்தான்.

அதன் பின் மெக்கர் என்னும் காப்புச் சோதனைக் கருவியால் சோதிக்க வேண்டும். இரு நுனியிலும் ஒயரைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கரால் ஒயருக்கும் ஒயருக்கும் இடையிலும், ஒயருக்கும் நிலத்துக்கும் இடையிலும், அதேபோல மோட்டாரின் சுருளுக்கும் உடலுக்கும் இடையிலும் அளக்க வேண்டும். குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் மின்சாரம் கொடுக்கக் கூடாது. டெஸ்டர் எரிகிறதா என்று பார்ப்பதும், பல்பு வைத்துப் பார்ப்பதும் இதற்கு ஈடாகா. இந்த ஒரு கருவியைப் பயன்படுத்தாமல் வெள்ளத்துக்குப் பின் மோட்டாரை ஓட்டுவது, ஆழம் தெரியாமல் கிணற்றில் குதிப்பது போன்றது.

ஒட்டுப் போடத்தான் வேண்டும் என்றால் முறையாகப் போடலாம். கறுப்பு தீரும்வரை வெட்டிய பின், மூன்று கம்பிகளின் ஒட்டும் ஒரே இடத்தில் விழாமல் நாலு விரற்கடை தள்ளித் தள்ளி அமைய வெட்டவேண்டும். அப்போதுதான் உறை ஒன்று பழுதானாலும் அடுத்ததோடு உரசாது. செம்புக் குழல் வைத்து நெரித்தோ, முறுக்கி ஈயம் பாய்ச்சியோ இணைத்த பிறகு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி இருபுறமும் பழைய உறையின் மேல் இரண்டங்குலம் ஏறும்வரை சுற்ற வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் டேப் அதற்கு மேலே போடும் சட்டை மட்டுமே. அதை மட்டும் சுற்றினால் நீருக்குள் சில வாரம்கூடத் தாங்காது. வேலை முடிந்ததும் அந்த ஒட்டை ஒரு வாளித் தண்ணீரில் முழுவதும் அமிழ்த்தி, நுனிகளை வெளியே வைத்துக்கொண்டு மெக்கரால் அளந்து பார்த்த பின்பே கிணற்றில் இறக்க வேண்டும். இந்த வாளிச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். மோட்டாரைக் கிணற்றிலிருந்து மறுபடி ஏற்ற ஆள் கூலியும் ஒரு நாளும் ஆகும்.

செம்பும் அலுமினியமும் சேரும் இடம் தனிக் கவனம் கேட்பது. சிக்கனம் கருதிப் பலர் கம்பத்திலிருந்து கொட்டகைவரை அலுமினிய ஒயரும், அங்கிருந்து செம்பு ஒயரும் போட்டு இரண்டையும் நேராக முறுக்கிவிடுகிறார்கள். ஈரம் பட்டால் இந்த இரண்டு உலோகங்களுக்கும் இடையே சிறு பேட்டரிபோல மின்வேதி மாற்றம் நடந்து அலுமினியம் மாவாக உதிரும். இதற்கென்றே இரு உலோக முனைகள் கடைகளில் கிடைக்கின்றன. அலுமினியத்துக்குத் தடை செம்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு என்பதால் பருமனும் அதற்கேற்பக் கூட வேண்டும்.

ப்யூஸ் காப்பது மோட்டாரை மட்டுமே

மழைக்காலத்தில் வயலுக்குப் போன உழவர் மின்சாரம் தாக்கி இறந்த செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அறுந்து விழுந்த மின்வாரியக் கம்பி ஒரு காரணம். அதைக் கண்டால் கிட்டப் போகாமல், பிறரையும் போகவிடாமல் நிறுத்தி, மின்வாரிய அலுவலகத்துக்கோ மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கோ சொல்லிவிட வேண்டும். ஆனால் நம் கொட்டகைக்குள், நம் ஒயரால், நம் மோட்டாரின் உடலில் ஏறி நிற்கும் மின்சாரத்துக்கு யாரிடம் புகார் சொல்வது? சர்வீஸ் இணைப்புக்கு அப்பால் உள்ள ஒயர் உழவருடைய பொறுப்பு.

மனித உடலில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் சிறிது நேரம் பாய்ந்தாலும் உயிருக்கு ஆபத்து. மோட்டார் இழுப்பதோ 8 ஆம்பியர், அதாவது 8,000 மில்லி ஆம்பியர். ப்யூஸ் அதற்கும் மேலே போனால்தான் அறும். கிழிந்த ஒயரிலிருந்து 100 மில்லி ஆம்பியர் மோட்டாரின் இரும்பு உடலில் கசிந்துகொண்டிருந்தால் ப்யூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஈரக் காலோடு வால்வைத் திருகக் கை வைப்பவருக்குத்தான் தெரியும். ஆர்.சி.சி.பி. என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும் கசிவுக் காப்புச் சுவிட்சு இதற்காகவே உள்ளது. 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைப் பொருத்தினால் கசிவு அந்த அளவை எட்டுவதற்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அது அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. நல்ல ஒயரில் அது காரணமின்றி அடிக்கடி விழாது. அடிக்கடி விழுகிறது என்றால் எங்கோ ஒட்டு நனைந்திருக்கிறது என்று அது சொல்கிறது. அதைக் கேட்பதே முறை.

அதோடு எர்த் இணைப்பும் உயிரோடு இருக்க வேண்டும். மோட்டாரின் போல்ட்டில் பெயிண்ட் மேலேயே கம்பியைச் சுற்றி இறுக்கியிருந்தால் அது எர்த் ஆகாது. பெயிண்டைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் சேர வாஷர் வைத்து இறுக்கி, மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி இரண்டிலிருந்தும் நாகப்பூச்சுள்ள 8-ஆம் எண் கம்பியை எர்த் குழிவரை கொண்டுபோக வேண்டும். வெள்ளத்தில் மண் அரித்துக் குழியே காணாமல் போன இடங்களும் உண்டு.

கேட்க வேண்டியது

இவ்வளவையும் உழவர் தாமே செய்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று, செய்யவும் கூடாது. உரிமம் பெற்ற ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். ஒரு பெரு வெள்ளம் வந்தால் ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான கிணறுகளுக்கு வேலை வருகிறது. ஊருக்கு ஓர் ஒயர்மேன் இருந்தாலே பெரிது. அவரிடமும் மெக்கர் இருப்பதில்லை. டேப் சுற்றிவிட்டு அடுத்த கிணற்றுக்கு அவர் ஓடுவதைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை ஏற்பாட்டில் இருக்கிறது.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் மருந்துத் தெளிப்பானையும் பண்ணைக் கருவிகளையும் வாடகைக்குத் தருவதுபோல ஒரு மெக்கரும் ஒரு நெரிப்பானும் வைத்திருந்தால் என்ன? ஓரிரு மோட்டாருக்குச் சுருள் கட்டும் செலவில் இரண்டும் வந்துவிடும். திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையம் போன்றவை விதை நேர்த்திக்கும் பூச்சி மேலாண்மைக்கும் பயிற்சி தருவதுபோல, தொழிற்பயிற்சி நிலையங்களோடு சேர்ந்து, ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன்பாக, ஊர் ஒயர்மேன்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைக்கலாம். மோட்டார் மாற்றுவதற்கு மானியம் தரும்போது ஒயர், கசிவுக் காப்புச் சுவிட்சு, எர்த் மூன்றும் சரியாக உள்ளனவா என்று பார்த்துத் தருவதை வேளாண் பொறியியல் துறை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். புது மோட்டாரைப் பழைய ஒயரில் மாட்டுவதற்கு அரசுப் பணம் செலவாக வேண்டியதில்லை. வெள்ள நிவாரணப் பட்டியலில் எக்டேருக்கு இவ்வளவு என்பதோடு, மூழ்கிய கிணற்றுக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கும்படி உழவர் சங்கங்கள் கேட்க வேண்டும். பயிர் ஒரு போகத்தில் திரும்ப வரும். பம்பு செட் ஓடாவிட்டால் அந்த அடுத்த போகமும் வராது. இது நியாயமான கோரிக்கை.

அரசு செய்யும்வரை காத்திராமல் உழவர் செய்துகொள்ளக்கூடிய ஒன்று உண்டு. தென்பெண்ணைக் கரையிலும் சங்கராபரணி ஆற்றோரத்திலும் பல மோட்டார் கொட்டகைகளின் சுவரில் 2024 வெள்ளத்தின் சேற்றுக் கோடு எங்கே படிந்தது என்பது கொட்டகைக்காரருக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்கு ஓரடிக்கு மேலே ஸ்டார்ட்டர் பெட்டியை ஏற்றிப் பொருத்த அரை நாள் வேலை போதும். அப்படி ஏற்றும்போது ஒயர் நாலடி குறையும். அந்த நாலடியை ஒட்டுப் போட்டு நீட்டாமல், பெட்டியிலிருந்து மோட்டார்வரை ஒரே துண்டாகப் புது ஒயர் வாங்கி மாற்றிவிட வேண்டும்.